கொமாசியா கழற்றிக்கொண்டு போன சமையலறை

"உன் சமையலறைதானே? மடியில கட்டிக்கிட்டுத் தூக்கிட்டுப் போயேன்!" என்று ஒரோன்ஸோ தன் அக்காவைப் பார்த்துக் கத்தியபோது நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். பிறகு மூன்று வெவ்வேறு விசாரணைகளில் இதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றிலும் ஒரே வார்த்தைகள்தான்.

என் பெயர் நுன்சியோ. நகரசபையிலிருந்து போகிற நோட்டீஸ்களை உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டு வர வேண்டும். இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. அன்றைக்கும் குப்பை வண்டி வரும் நேரம் மாறியதைப் பற்றிய ஒரு காகிதத்தோடுதான் கார்பினெல்லாவுக்குப் போயிருந்தேன்.

கார்பினெல்லா ஊருக்கு வெளியே ஒரு செம்மண் மேடு. அங்கே ஆலிவ் மரங்களுக்கு நடுவே, ஒரோன்ஸோவின் அப்பா குவிரிக்கோ விட்டுப்போன த்ருல்லோ வீடு இருக்கிறது. தோளோடு தோள் ஒட்டி நிற்கிற மூன்று கூம்புகள். சுவரிலும் கூரையிலும் ஒரு கரண்டி காரை கிடையாது. கல்மேல் கல், அவ்வளவுதான். பெரிய கூம்பும் நடுக்கூம்பும் மகனுக்கு, கடைசிக் கூம்பான சமையலறை மகளுக்கு என்று குவிரிக்கோ உயில் எழுதியிருந்தார். நடுவிலுள்ள சுவர் "அதன் தடிமனில் சரிபாதி" இருவருக்கும் உரியது என்று பத்திரம் எழுதியவர் சேர்த்திருந்தார். அந்த வரியைக் கொமாசியாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

கொமாசியாவுக்கு அறுபத்தொரு வயது. ஆரம்பப் பள்ளியின் சமையற்காரி. புருஷன் மார்த்தினோ இறந்து ஒன்பது வருடம். ஊருக்குள் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். ஆனால் வனத்து அந்தோனியார் திருநாளன்று மட்டும் கார்பினெல்லாவில் தன் அடுப்பில்தான் சமைப்பாள். ஒரோன்ஸோ அவளைவிட நான்கு வயது இளையவன். நன்றாகச் சிரிப்பான், நன்றாகப் பொய் சொல்வான். வீட்டை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தான். விளம்பரத்தில் "பழமையான சமையலறையுடன்" என்று போட்டிருந்தான். அக்காவிடம் கேட்கவில்லை.

அந்த ஜனவரி மாதம் கொமாசியா திருநாளுக்குப் பன்றி விலாவும் காட்டுக்கீரையும் கூடையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சாவி திரும்பவில்லை. பூட்டை மாற்றியிருந்தான்.

"உள்ள ஆள் இருக்காங்கக்கா. நவம்பர்ல வா, யாரும் வரமாட்டாங்க" என்றான்.

"அந்தோனியார நவம்பருக்கு மாத்தச் சொல்லி ஆயர்கிட்ட எழுதிப்போட்டுட்டியா?"

"ஒரு நாள் வேற எங்கயாச்சும் சமைச்சா செத்தா போயிருவ?"

"அது என் சமையலறைடா."

அதற்குத்தான் அவன், நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பதிலைச் சொன்னான். கொமாசியா பதிலுக்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, கூம்பை அடியிலிருந்து உச்சிக்கல் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நுன்சியோ, இவன் சொன்னது உன் காதுல விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சுக்கா."

"சரி" என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரோன்ஸோ முழங்கால் ஆபரேஷனுக்காகப் பாரி நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனான். மூன்று வாரம் என்று சொல்லிப் போனவன், முட்டியில் சீழ் வைத்து இரண்டரை மாதம் அங்கேயே படுத்துவிட்டான்.

அவன் போன மறுநாள் கொமாசியா வேலையைத் தொடங்கினாள். பள்ளியில் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவி முடிய இரண்டு மணி ஆகும். இரண்டரைக்குக் கார்பினெல்லாவில் இருப்பாள். கூட அவளோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். அப்புறம் கிராட்சியந்தோனியோ. வயல்களுக்கு வேலிச்சுவர் அடுக்குகிறவன், டிராக்டர் வைத்திருப்பவன், தேவைக்குமேல் ஒரு சொல் பேசாதவன். அவனிடம் கொமாசியா போய்ச் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வியாம்: "எங்க வைக்கிறது?"

மார்த்தினோ விட்டுப்போன செர்ரித் தோட்டத்தில் என்றாள். சாலைக்கு அந்தப் பக்கம், எழுநூறு மீட்டர் தூரம்.

நான் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது கூம்பின் மேல்பாதி இல்லை. உச்சிக்கல் ஒரு பழைய போர்வைமேல் படுத்திருந்தது. கொமாசியா பள்ளியின் உறைபெட்டியில் டப்பாக்களுக்குப் பெயர் எழுதும் நீலப் பேனாவால் ஒவ்வொரு கல்லிலும் எழுதிக்கொண்டிருந்தாள். கூரையின் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு எழுத்து, வளையத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண். ஒரு கோடு போட்ட நோட்டில் அதையே படமாக வரைந்துகொண்டாள். பக்கத்து ஓரங்களில் "இது லேசாக ஆடும்", "இதன் கீழே சில்லு வை" என்று குறிப்பும் இருந்தது.

நடுச்சுவர் ஒன்றேகால் மீட்டர் தடிமன். அளவுநாடா வைத்து, தன் பக்கத்து முகத்தையும் உள்ளே கொட்டியிருந்த சல்லியில் சரிபாதியையும் மட்டும் எடுத்தாள். தம்பியின் பாதிக்குச் சேர வேண்டிய ஒரு கைப்பிடிச் சல்லி தவறி வந்துவிட்டது என்று மறுநாள் கொண்டுவந்து கொட்டினாள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரோன்ஸோவுக்கு யாரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊரில் ஒவ்வொருவரும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் நினைக்கவில்லை. ஆனால் நான் காகிதம் கொடுக்கிறவன், அப்படி எந்தக் காகிதமும் என் பைக்கு வரவில்லை.

ஏப்ரலில் செர்ரிப் பூக்கள் உதிரும்போது சமையலறை தோட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றது. முதல் நாள் அடுப்பு மூட்டியபோது புகை நேராக மேலே போனதாம். கொமாசியா கையை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கிராட்சியந்தோனியோ சொன்னான். அவன் இவ்வளவு நீளமாக ஒரு விஷயத்தைச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அதே வாரம் ஈஸ்டருக்கு ராத்திரியில் வந்து சேர்ந்த ஒல்லாந்துத் தம்பதி, வாசலோரச் சாவிப் பெட்டியில் இருந்த சாவியை எடுத்து வீட்டைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். காலையில் அந்த மனிதர் ஒரோன்ஸோவுக்குப் போன் செய்தார். மாலை வகுப்பில் எங்கள் மொழி படித்தவர், மிகவும் மரியாதையானவர். ஒரோன்ஸோ இந்தப் பேச்சைப் பின்னால் என்னிடம் அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறான்.

"மன்னிக்கணும், சமையலறை எங்க இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கு பாருங்க."

"திறந்தேன். வயல் இருக்கு."

"அது இல்லைங்க, அதுக்கு முன்னாடி சமையலறை இருக்குமே."

"அதுக்கு முன்னாடி நான்தான் நிக்கிறேன். கையில காப்பிப் பொட்டலத்தோட."

"சரி, வயலுக்கு அப்புறம்?"

"அப்புறம் ஒரு ஆடு."

ஒரோன்ஸோ அன்று மாலையே ஊன்றுகோலோடு டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தான். சின்னக் கதவைத் திறந்தான். குனிந்து தாண்டினான். அங்கே தரைக்கல் மட்டும் வட்டமாக, துடைத்துவைத்த தட்டுபோல இருந்தது. தரை பெயர்க்கத் தன் முதுகு இடம் கொடுக்காது என்று கிராட்சியந்தோனியோ சொல்லிவிட்டதால் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரோன்ஸோ அண்ணாந்து பார்த்தான். வானம் தெரிந்தது. நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனான்.

எனக்கும் அவனுக்கும் சின்ன வயதிலிருந்து பழக்கம். கூட வா என்றான், போனேன்.

"என்ன திருடு போச்சு?" என்றார் சார்ஜெண்ட்.

"சமையலறை."

"சமையலறையில என்ன போச்சு?"

"சமையலறையே போச்சு."

சார்ஜெண்ட் எழுதிக்கொண்டார். "யாரோட சமையலறை?"

"எங்க அக்காவோடது."

"எடுத்தது யாருன்னு சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமே இல்ல. எங்க அக்காதான்."

சார்ஜெண்ட் பேனாவை மூடி வைத்தார். "அதாவது உங்க அக்கா அவங்க பொருளை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பொருள் இல்ல சார், வீடு!"

"எடுத்துட்டுப் போகச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?" என்று என்னைப் பார்த்தார். நான் முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரோன்ஸோவுக்கு ஒரு சமையலறைதான் போயிருக்கும். அவன் வீம்புக்குத் தலைநகரில் இருக்கும் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப்போட்டான். எங்கள் பக்கத்தில் த்ருல்லோ என்றால் எல்லாமே பட்டியலில் இருப்பவை. ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு எண். ஆணி அடிக்கவே அனுமதி வாங்க வேண்டும். காணாமல்போன கூம்பின் எண் 4417-சி.

அங்கிருந்து ஃபுல்வியா என்ற அதிகாரி வந்தாள். வடக்கத்திப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், இடுப்பில் எப்போதும் அளவுநாடா. நல்ல பெண். எதைக் கண்டாலும் அளந்துவிட்டுத்தான் பேசுவாள். கூம்பு இருந்த இடத்தை அளந்தாள். செர்ரித் தோட்டத்துக்குப் போய்க் கூம்பை அளந்தாள். கொமாசியாவின் நீலப் பேனா நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவள், தன் பன்னிரண்டு வருட வேலையில் இவ்வளவு ஒழுங்கான கட்டட ஆவணத்தைப் பார்த்ததில்லை என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆனா நீங்க செஞ்சது பெரிய தப்பும்மா" என்றாள்.

"தப்புதான். சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் கொமாசியா.

அடுத்த வாரத்திலிருந்து என் பை நிறைய ஆரம்பித்தது. முதல் நாளே இரண்டு நோட்டீஸ், இரண்டும் கொமாசியாவுக்கு, ஒரே அலுவலகத்தின் இரண்டு மேசைகளிலிருந்து. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அவரை மசியல் கொதித்துக்கொண்டிருந்தது.

"படி" என்றாள்.

"முதல் நோட்டீஸ். செர்ரித் தோட்டத்துல அனுமதி இல்லாம கட்டின கட்டடத்தைத் தொண்ணூறு நாளைக்குள்ள இடிக்கணும்."

"சரி. அடுத்தது?"

"செர்ரித் தோட்டத்துல இருக்கிற கட்டடம் பாரம்பரியச் சின்னம். அதுல ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது."

அவள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மசியலில் எண்ணெய் ஊற்றி என்முன் வைத்தாள். "ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா கணக்கு நேராயிருது. விடு" என்றாள்.

ஒரோன்ஸோவுக்குப் போன நோட்டீஸ் அவ்வளவு நேராக இல்லை. 4417-சி என்பது பட்டியலில் ஒரு இடத்தின் எண். கூம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடம் பாதுகாக்கப்பட்டது. ஆகையால் விசாரணை முடியும்வரை வெற்றிடத்தை இருக்கிற நிலையிலேயே காப்பாற்ற வேண்டும். அதில் எதையும் கட்டக் கூடாது, நடக் கூடாது, வைக்கக் கூடாது. அதற்குள் போகும் சின்னக் கதவை அடைக்கக் கூடாது. மே மாதம் பாரம்பரியக் கட்டடங்களைத் திறந்துவைக்கும் ஞாயிற்றுக்கிழமை அன்று பொதுமக்களை உள்ளே அனுமதிக்க வேண்டும்.

"எதுக்கு உள்ள?" என்று கேட்டான் ஒரோன்ஸோ.

"சமையலறைக்குள்ள."

"அது இல்லையேடா!"

"இல்லாதத இருக்கிற நிலையில வச்சிருக்கணுமாம்."

விருந்தாளிகள் எல்லோரும் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். ஒரோன்ஸோ ஊருக்குள் இருந்த தன் வீட்டுக்குப் போகாமல் தானே அந்த வீட்டில் வந்து தங்கினான். படுக்கையறையில் ஒரு சின்ன கேஸ் அடுப்பை வைத்து முட்டை பொரித்துச் சாப்பிட்டான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூற்றெண்பது பேர் வந்தார்கள். வரிசையாக நின்று, ஒவ்வொருவராகச் சின்னக் கதவில் குனிந்து, வெற்றிடத்துக்குள் போனார்கள். போனவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், உள்ளே கோடையிலும் குளுமையாக இருப்பதுதான் இந்த வீடுகளின் அதிசயம் என்று விளக்கினார். அன்று நல்ல காற்று, குளுமையாகத்தான் இருந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த நகரசபை என்னை நிறுத்தியிருந்தது. சுற்றிலும் திறந்த வெளி. ஆனால் ஒருவர்கூடப் பக்கவாட்டில் இறங்கிப் போகவில்லை. எல்லோரும் கதவு வழியாகவே திரும்பினார்கள்.

இதற்குப் பிறகு வந்த நோட்டீஸ்தான் என் இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தூக்கம் கெடுத்த ஒரே நோட்டீஸ். கொமாசியாவுக்கானது, ஆனால் பழைய விலாசத்துக்கு. உரியவர் அங்கே இல்லையென்றால் "மேற்படி கட்டடத்தின் வாசற்கதவில்" ஒட்டிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"அந்த விலாசத்துல கதவு இல்லைங்க."

"கதவு எங்க இருக்கு?"

"எழுநூறு மீட்டர் தள்ளி. அங்கயே ஒட்டிரட்டுமா?"

"அது வேற விலாசம். விலாசத்துல இருக்கிற கதவுலதான் ஒட்டணும்."

கொமாசியாவிடம் போய் நிலைமையைச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுட்டு வந்த?" என்று கிராட்சியந்தோனியோவைக் கூப்பிட்டாள். அவன் வாசற்கதவைக் கீலிலிருந்து தூக்கி டிராக்டரில் ஏற்றினான். பழைய இடத்துக்குக் கொண்டுபோய், வாசல் இருந்த கோட்டில் நிறுத்தி, பின்னால் நின்று பிடித்துக்கொண்டான். நான் ஒட்டினேன். படம் எடுத்தேன். படத்தில் கதவுக்கு மேலே அவன் தொப்பி தெரிந்தது, இன்னொன்று எடுத்தேன். பெரிய கூம்பின் ஜன்னலில் இருந்து ஒரோன்ஸோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கதவைத் திரும்ப ஏற்றும்போது, "அவ எப்படி இருக்கா?" என்று ஜன்னலிலிருந்தே கேட்டான்.

"வெங்காயம் நறுக்கிட்டு இருக்கா" என்றேன்.

"ரெண்டரை மாசம் பாரியில கெடந்தேன்டா நுன்சியோ. முட்டி எப்படிடா இருக்குன்னு ஒரு போன் பண்ணல அவ."

அவன் அதைச் சொன்ன விதத்தில், கூம்பு போனதைப் பற்றி அவன் இதுவரை போட்ட கூச்சலெல்லாம் வேறு எதற்கோ போட்டது என்று எனக்குத் தோன்றியது.

மே கடைசியில் ஃபுல்வியா வருடாந்திரச் சோதனைக்கு வந்தாள். 4417-சிக்கு என்று அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. அதை நிரப்பாமல் போக முடியாது. கொட்டுகிற மழை. அவள் சின்னக் கதவில் குனிந்து வெற்றிடத்துக்குள் போய், குடையைப் பிடித்துக்கொண்டு கேள்விகளைப் படித்தாள். உள்பக்கம் சுண்ணாம்பு பூசப்பட்டதா? பூசப்படவில்லை என்று எழுதினாள். புகை வெளியேற வசதி இருக்கிறதா? கொஞ்ச நேரம் யோசித்து, இருக்கிறது என்று எழுதினாள். கூரை ஒழுகுகிறதா? அவள் மேலே பார்த்தாள். படிவத்தில் ஒரு பெரிய சொட்டு விழுந்தது.

"மேடம், உங்க மனசாட்சிப்படி எழுதுங்க" என்றேன்.

"ஆமா" என்று எழுதினாள். பாவம், வேறு என்னதான் எழுத முடியும்?

பத்து நாளில் உத்தரவு வந்தது. 4417-சியின் கூரை மிக மோசமாக ஒழுகுவதால், உரிமையாளர் கொமாசியா அறுபது நாளைக்குள் பழுது பார்க்க வேண்டும். தவறினால் சமையலறையை அரசு எடுத்துக்கொள்ளும். இந்தத் தடவை கொமாசியா கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு முதல் தடவையாக அடுப்புக்கு முன்னால் எதையும் கிளறாமல் உட்கார்ந்தாள்.

"எடுத்துக்குவாங்களா நுன்சியோ?"

"இல்லாத கூரையை எடுத்துக்கிட்டா, இருக்கிற கூரையும் அதோட போயிரும்கா. எண் ஒண்ணுதானே."

விசாரணை ஜூன் மாதம், செர்ரித் தோட்டத்திலேயே நடந்தது. ஃபுல்வியா கோப்போடு வந்தாள். ஒரோன்ஸோவை நான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன், நோட்டீஸில் அவன் பெயரும் இருந்தது. கூம்பு வாசலில் மேசை போட்டிருந்தது. கொமாசியா எல்லோருக்கும் காது வடிவப் பாஸ்தாவும் கீரையும் வைத்தாள். தம்பிக்குத் தட்டு வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையால் தட்டைத் தள்ளினான்.

"எனக்கு வேணாம்."

"வேணாம்னா போ. முட்டை பொரிச்சு முட்டை பொரிச்சு மூஞ்சியே முட்டை மாதிரி ஆயிருச்சு."

"யாரால? வீட்டைப் பிரிச்சுத் தூக்கிட்டுப் போனவ பேச்சப் பாரு!"

"நீதானடா தூக்கிட்டுப் போன்னு சொன்ன?"

"சொன்னா? சொன்னா உடனே போயிருவியா? ஆஸ்பத்திரியில கெடக்கிறவன ஒரு வார்த்தை கேக்காம, எப்படா போவான்னு பார்த்துட்டு..."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போறதை எனக்குச் சொன்னியா?" கொமாசியா கரண்டியை மேசையில் அடித்தாள். "ரொட்டிக் கடைக்காரி சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்டா நான். 'என்ன கொமாசியா, தம்பிக்குக் காலை அறுக்கிறாங்களாமே'ன்னு கேக்கிறா. அத்தனை பேர் முன்னாடி நான் தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு நின்னேன். பூட்டை மாத்தின, சரி. அந்தோனியாரை மாத்தின, சரி. இதையும் என்கிட்ட சொல்லலன்னா நான் உனக்கு யாரு?"

ஃபுல்வியா தலையைக் குனிந்து கோப்பைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தாள்.

"இங்க பாருங்கம்மா" என்று மெதுவாகத் தொடங்கினாள். "எனக்கு உதவி பண்ண ஆசைதான். ஆனா சமையலறை இடம் மாறிடுச்சு. இடம் மாறினா..."

"எங்க மாறிச்சு?" கொமாசியாவுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "அப்பவும் கடைசி அறை, இப்பவும் கடைசி அறை. படுக்கையறைக் கதவைத் திறந்து நேரா நடந்தா சமையலறை. முன்னாடி ஒரு எட்டு, இப்ப எழுநூறு மீட்டர். சமையலறை மாறல மேடம், நடைவழி நீண்டிருச்சு, அவ்வளவுதான்!"

ஃபுல்வியா கவளத்தோடு உயர்த்திய முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"கடைசியா சொன்னதை."

கொமாசியா சொன்னாள், இந்தத் தடவை சத்தம் குறைவாக, சந்தேகத்தோடு. ஃபுல்வியா கோப்பின் கடைசியிலிருந்த சட்டப் பக்கங்களைத் தேடினாள். வீட்டின் உட்புற நடைவழியை நீட்டுவது சிறு மாற்றம். அதற்கு வட்டாரத்தைக் கவனிக்கும் அதிகாரியின், அதாவது அவளுடைய, கையெழுத்தே போதும். எவ்வளவு நீட்டலாம் என்று சட்டத்தில் அளவு சொல்லியிருக்கவில்லை.

அவள் எழுந்து இடுப்பிலிருந்து அளவுநாடாவை எடுத்தாள். ஒரு நுனியை ஒரோன்ஸோவின் கையில் கொடுத்தாள். "சமையலறை வாசல்ல பிடிங்க" என்றாள். மறுநுனியோடு நானும் அவளும் நடந்தோம். முப்பது மீட்டர் நாடா. இருபத்து நான்கு தடவை வைத்து அளந்தோம். செர்ரி மரங்கள், மாகாணச் சாலை, கிராட்சியந்தோனியோவின் வயல், ஆடு, தரைக்கல் வட்டம், சின்னக் கதவு. எழுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். நாங்கள் திரும்பி வரும்போது, ஒரோன்ஸோ அக்காவின் வாசலில், நாடா கைவிட்டுப் போன பிறகும் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, மறு கையால் பாஸ்தா தின்றுகொண்டிருந்தான். கொமாசியா பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்திருந்தாள்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் கோப்புகளை மூட வேண்டும் என்று ஃபுல்வியாவின் மேலதிகாரிகள் அவசரத்தில் இருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இடிக்கும் உத்தரவு, அசைக்காதே உத்தரவு, ஒழுகும் உத்தரவு மூன்றும் ஒரே நாளில் ரத்தாயின. குவிரிக்கோவின் வீடு இப்போது பட்டியலில் மூன்று கூம்புகளும் எழுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் நடைவழியும் உள்ள ஒரே வீடு.

அதனால் சில சங்கடங்கள் வந்தன. பாரம்பரியக் கட்டடத்துக்குள் புகை பிடிக்கக் கூடாது என்பது விதி. கிராட்சியந்தோனியோ உழும்போது சிகரெட் வேண்டுமென்றால் டிராக்டரை நிறுத்திவிட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறான். அவனுடைய ஆட்டை வளர்ப்புப் பிராணி என்று பதிவு செய்ய வேண்டியிருந்தது. விருந்தாளிகளுக்கான விளம்பரத்தில் இப்போது அதுவும் வருகிறது. மாகாணச் சாலை நடைவழியைக் குறுக்கே கடப்பதால், காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை நான் அங்கே சிவப்புக் கொடியோடு நிற்கிறேன். லாரிகளை நிறுத்துவேன். பைஜாமாவும் செருப்புமாக, கையில் காலிக் கோப்பையோடு விருந்தாளிகள் சமையலறைக்குப் போவார்கள். ஒரு லாரிக்காரன் ஒருமுறை தலையை வெளியே நீட்டி, "என்னய்யா நடக்குது இங்க?" என்றான். "வீட்டுக்குள்ள வேகமா ஓட்டாதப்பா" என்றேன்.

கொமாசியா பள்ளி வேலையை விட்டுவிட்டாள். விருந்தாளிகளுக்கு அவள்தான் சமைக்கிறாள். அறைகளை ஒரோன்ஸோ பார்த்துக்கொள்கிறான். உப்பு அதிகம், போர்வை அழுக்கு என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி என்னிடம் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவேன். ஃபுல்வியா மாதம் ஒருமுறை மேற்பார்வைக்கு வருகிறாள், எப்போதும் மதிய நேரத்தில்.

போன ஜனவரியில் ஒரு நாள் விருந்தாளிகள் யாரும் இல்லை. நல்ல மழை. நான் சமையலறையில் ஈரச் சட்டையை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரோன்ஸோ வயலின் நடுவில், குடை இல்லாமல், நொண்டிக்கொண்டு வருவது தெரிந்தது. நடுவழியில் நின்றுவிட்டான். முட்டி இழுத்திருக்கும்.

கொமாசியா வாசலுக்குப் போய்க் கத்தினாள். "மழையில ஏன்டா நிக்கிற? உள்ள வா!"

"உள்ளதான் நிக்கிறேன்!" என்று அவன் திருப்பிக் கத்தினான்.

அவள் ஏதோ முணுமுணுத்தாள். கதவோரத்தில் மாட்டியிருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, அடுப்பில் எண்ணெய் காய்வதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சேற்றில் இறங்கி நடந்தாள். நான் எண்ணெயைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்தேன். பாதி வழியில் அவள் போய்ச் சேர்ந்ததும் குடையை அவன்மேல் பிடித்தாள். அவன் அவள் தோளில் கை வைத்தான். ஆடும் குடைக்குள் தலையை நுழைத்தது. மூவரும் மெல்ல, நின்று நின்று, எதையோ பலமாகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.